வியாழக்கிழமை வந்த கோல்

ஞாயிற்றுக்கிழமை நெடுமணலில் விழப்போகிற கோலுக்கான கூப்பாடு, வியாழக்கிழமை சாயங்காலமே கொம்பன்துறைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

வள்ளங்கள் கரையேறி, சாளையும் அயிலையும் குவியல் குவியலாக மணலில் கிடக்க, பிலேந்திரன் கவிழ்த்துப்போட்ட மீன்பெட்டியின்மேல் நின்று ஏலம் கூறிக்கொண்டிருந்த நேரம் அது. மேற்கே, கடலுக்கும் மேகத்துக்கும் நடுவே எங்கிருந்தோ, ஒரு ஊரே ஒரே தொண்டையாகத் திறந்துகொண்டதைப்போல "கோல்" என்று ஒரு சத்தம் கிளம்பி, அலைமேல் உருண்டு, தென்னந்தோப்பில் மோதி, கோயில் கோபுரத்தில் மோதி, அங்கிருந்த மணியை லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஏலக்கரைக்கு வந்து எல்லார் தலைக்கும் மேலே கொஞ்ச நேரம் நின்றது. நின்று, நடந்து களைத்த விருந்தாளி மாதிரி மணலில் உட்கார்ந்து அடங்கிப்போனது. படுத்திருந்த நாய்கள் எழுந்து நின்றன. செத்துவிட்டதென்று பெட்டியில் போட்டிருந்த அயிலை ஒன்று வாயைத் திறந்து, சொல்ல வந்ததை மறந்ததுபோல மூடிக்கொண்டது.

யாரும் பயப்படவில்லை. சித்திரையில் மழை வந்தால் ஏன் வந்தாய் என்று அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை, கொடியில் கிடக்கிற துணியை எடுக்கத்தான் ஓடுவோம்; அப்படித்தான் கொம்பன்துறை இந்தச் சத்தத்தையும் எடுத்துக்கொண்டது. முதலில் இது யார் போட்ட சத்தம் என்று பார்த்தார்கள். பார்த்தால் எல்லாம் சொந்தச் சத்தம். ஐஸ் உடைக்கிறவர் தன் கீச்சுக்குரலை அதில் கேட்டார். கருவாடு காயவைக்கிற பெண்கள் தங்கள் குலவையைக் கேட்டார்கள். பங்குப் பாதிரியார், பாட்டுப்பூசையில் ஒருநாளும் எட்டாத உச்சியில் தன் குரல் போய் நின்றதைக் கேட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, மெதுவாகச் சந்தோஷப்பட்டுக்கொண்டார். எல்லாக் குரலுக்கும் மேலே, கால்பந்து கிளப் செயலாளர் ஜஸ்டஸின் குரல், "நெடுமணல்லயாடே, நெடுமணல்லயாடே போட்டோம்" என்று அழுதுகொண்டே கத்தியது. அதற்கும் பின்னால் இன்னும் யார் யாரோ ரோமுலுஸ், ரோமுலுஸ் என்று ஒரு பெயரைக் கூவினார்கள். ஆக, இடம் தெரிந்துவிட்டது, ஆள் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையை விட்டால் நெடுமணலுக்குப் போகிற நாள் வேறு கிடையாது என்பதால் கிழமையும் தெரிந்துவிட்டது.

இந்தக் கோலின் அருமை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவேண்டுமானால் ஒன்றைச் சொல்லவேண்டும். கொம்பன்துறை பிரதர்ஸ் என்பது டீமின் பெயர். பதினொரு பேரில் பாதிப்பேர் ஒருவருக்கொருவர் மச்சினன்மார், பிரதர்ஸ் என்று சொல்ல ஆளே இல்லை, இருந்தாலும் பெயர் அதுதான். சொந்தக் கடற்கரையில் ஆடினால் யார் வந்தாலும் ஒரு கை பார்ப்பார்கள். ஆறு கடலில் சேருகிற பொழிமுகத்துப் பாலத்தைத் தாண்டி நெடுமணலுக்குப் போனால் மட்டும், கடற்கரை லீக் தொடங்கிய காலம் முதல் இன்றுவரை, ஒரு கோல்கூடப் போட்டது கிடையாது. போவார்கள், வாங்குவார்கள், வருவார்கள். லாரியில் திரும்பி வரும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் ஆளுக்கொரு திசையில் கடலையே பார்த்துக்கொண்டு வருவார்கள். இந்த ஞாயிறு ஜெயித்தால் மேல் பிரிவு. தோற்றாலும் சமன் ஆனாலும், இருக்கிற பிரிவிலேயே இன்னொரு வருஷம் குத்தவைக்க வேண்டியதுதான்.

அந்த டீமுக்குக் கால்கள் பதினொரு பேருடையவை என்றால் தொண்டை ஒரு ஆளுடையது. அது பிலேந்திரன். ஏலம் கூறிக் கூறிப் பழுத்த தொண்டை அது. கரையில் நின்று விலை சொன்னால் நடுக்கடலில் இருக்கிற வள்ளத்துக்காரன் அங்கிருந்தே கையை உயர்த்திக் கேட்பான் என்று சொல்வார்கள். கோல் விழுந்தால் மற்றவர்கள் 'கோ'வில் தொடங்கி 'ல்'லில் முடித்து, மூச்சு வாங்கி, எச்சில் விழுங்கி, பக்கத்தில் நிற்கிறவனைக் கட்டிப்பிடித்து முடிக்கிற வரைக்கும் பிலேந்திரன் 'கோ'விலேயே இருப்பார். தாழ ஆரம்பித்து, சங்குபோல ஏறி, அவர் 'ல்' என்று முடிக்கும்போது எதிர் டீம் பந்தை நடுவில் வைத்து உதைத்து ஆட்டத்தையே மறுபடி தொடங்கியிருக்கும். கலியாணமான நாளிலிருந்து ஒரு ஆட்டத்தையும் அவர் விட்டதில்லை. கலியாணத்தன்று ஒரு ஆட்டம் இருந்தது, அதையும் விடவில்லை. அதைப் பற்றி அவர் மனைவி எஸ்கலின் இப்போதும் அதிகம் பேசுவதில்லை.

அந்த எஸ்கலின்தான் வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே, குரலை ஏற்றாமல் சொன்னாள்.

"இஞ்ச பாருங்க. எல்லாருக்க சத்தமும் கேட்டுது. உங்களுக்க சத்தம் மட்டும் கேக்கல்ல."

பிலேந்திரன் சிரித்தார். சிரித்தபடியே ஒரு கவளம் உருட்டினார். உருட்டிய கவளம் உருட்டியபடியே நின்றது. ஏனென்றால் அவரும் அந்தச் சத்தத்துக்குள் தன் சத்தத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தார்; இவ்வளவு பெரிய கூப்பாட்டில் அது எங்கோ அடியில் கிடக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி வைத்திருந்தார். ஆனால் அவருடைய சத்தம் எந்தக் காலத்தில் எதற்கு அடியில் கிடந்திருக்கிறது?

மறுநாள் காலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அவரவர் தன் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் முந்தினநாள் யாரும் இதைக் கவனிக்கவில்லை; இப்போது எல்லாருமாக நினைத்துப் பார்த்தால், ஆமாம், கூப்பாடு நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு ஓட்டையாகத்தான் இருந்தது. ஊர் நல்ல ஊர். உடனே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது: பிலேந்திரன் ஞாயிற்றுக்கிழமைக்குள் செத்துப்போகப்போகிறார்.

வெள்ளிக்கிழமை ஏலத்தில் யாரும் பேரம் பேசவில்லை. அவர் சொன்ன முதல் விலைக்கே, சாகப்போகிற மனிதனிடம் என்ன வாதாட்டம் என்று, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு எடுத்துப்போனார்கள். பத்து வருஷமாகப் பேசாத பக்கத்து வீட்டுக்காரர் வந்து, வேலிக்காக அன்று சொன்னதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லி, வேலியையும் ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொள்ளச் சொன்னார். சவப்பெட்டி செய்கிற ஆசாரி, சும்மா அந்தப் பக்கம் வந்ததுபோல வந்து, கொஞ்சம் நேராக நில்லும் வோய், இப்படிக் கூன்போட்டு நின்றால் முதுகுக்கு ஆகாது என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு, அவர் நேராக நின்றதும் தலையிலிருந்து கால்வரைக்கும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு போனார். எஸ்கலின் இதையெல்லாம் பொறுத்துப் பார்த்து, கடைசியில் ஆளைக் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றி டவுன் டாக்டரிடம் கொண்டுபோனாள். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டு, "இருமுங்க" என்றார். பிலேந்திரன் இருமினார். டாக்டர் குழாயைக் காதிலிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டு, இந்த ஆளுக்கு ஒன்றும் இல்லை, எனக்குத்தான் இனி காது பார்க்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

செத்துப்போகமாட்டார் என்று தெரிந்ததும் ஊருக்குச் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லமுடியாது. ஆனால் ஒரு பிரச்சினை சுலபமாகத் தீரவிருந்து தீராமல் போனால் வருகிற சிறு சலிப்பும் அதில் இருந்தது. வேலியை உடனே பழைய இடத்துக்கு நகர்த்தச் சொன்னார் பக்கத்து வீட்டுக்காரர்.

அன்று சாயங்காலம் மைதானத்தில் கூட்டம் போட்டார்கள். ஜஸ்டஸ் பேசினான். அவன் எஸ்கலினின் தம்பி, அத்தானிடம் பேசுவதற்குக் கூச்சம், அதனால் பந்தைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அத்தான், ஆருக்கும் உங்க மேல கோவம் இல்ல. ஆனா அந்தச் சத்தத்துல நீங்க இல்ல. நீங்க வந்தா கூவுவீங்க. கூவினா அது வேற சத்தம் ஆயிப்போவும். வேற சத்தம்ன்னா வேற கோலு. அந்த வேற கோலு நமக்கு விழுமா விழாதான்னு ஆருக்குத் தெரியும்? இது விழுந்த கோலு அத்தான். காதால கேட்டாச்சு."

கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. அதில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்க பிலேந்திரன் மேலும் கீழும் பார்த்தார், கிடைக்கவில்லை. அதோடு, கடற்கரை லீக்கில் கூப்பாடு என்பது சும்மா வாய்வேலை இல்லை. அந்தக் கரையில் எந்த ஊர் மைதானத்திலும் கோல்கம்பத்துக்கு வலை கட்டுவதில்லை. வலைக்குப் பஞ்சமா என்றால், வீட்டுக்கு வீடு வலைதான். ஆனால் மீன் வராத இடத்தில் வலையை விரித்து வைத்தால் வலை கோபித்துக்கொள்ளும், அப்புறம் கடலில் போட்டாலும் வாயை மூடிக்கொள்ளும் என்பது அங்கே ஆணும் பெண்ணும் ஒன்றுபோல நம்புகிற விஷயம். வலை இல்லாத கம்பத்தில் பந்து உள்ளே போனதா ஓரத்தில் போனதா என்று கண்ணால் தீர்க்கமுடியாது, கடற்காற்றில் மணல் வேறு கிளம்பும். அதனால் ரெஃபரி காதால் தீர்ப்பார். விழுந்த கோலுக்கு வருகிற சத்தம் ஒன்று, விழாத கோலுக்குப் போடுகிற சத்தம் ஒன்று, இரண்டையும் எவ்வளவு பெரிய கள்ளனாலும் மாற்றிப் போடமுடியாது. மெய்யான சத்தம் வந்தால் கோல். வராவிட்டால் இல்லை. இவ்வளவுதான் சட்டம், இதுவரை அதில் சண்டை வந்ததில்லை. அப்படிப்பட்ட லீக்கில், கூப்பாட்டையே முன்கூட்டிக் கேட்டுவிட்ட ஊர் அதில் ஒரு குண்டூசிகூடக் கூடவோ குறையவோ கூடாது என்று நினைத்தால் அதைக் குற்றம் சொல்லமுடியுமா?

பிலேந்திரன் ஒரே ஒரு வேண்டுதல் வைத்தார். வருகிறேன், வாயைத் திறக்கமாட்டேன். அவ்வளவு நேரம் துக்கமுகமாக இருந்த கூட்டம் முதல்முறையாகச் சிரித்தது. சரி, பார்த்துவிடலாம் என்று பாதிரியார் சொல்ல, அங்கேயே ஒரு பரீட்சை வைத்தார்கள். பிலேந்திரன் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு கோட்டோரம் உட்காரவேண்டும். பையன்கள் சும்மா ஒரு கோல் அடிப்பார்கள். தண்ணீர் உள்ளேயே இருந்தால் அவர் நெடுமணல் வரலாம். அவர் உட்கார்ந்தார், கண்ணை இறுக்கினார், பெருவிரலை மணலுக்குள் ஊன்றினார். ஆளில்லாத கம்பத்துக்குள் ஒருவன் பந்தை ஓசைப்படாமல் காலால் தள்ளிவிட்டான், அவ்வளவுதான். எதிரே நின்ற பாதிரியாரின் வெள்ளை அங்கி கழுத்திலிருந்து இடுப்புவரை நனைந்து, சத்தம் போய் கோயில் புறாக்களைக் கிளப்பியது. பாதிரியார் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம் இதில் என்றார்.

அதன்பிறகு பேச என்ன இருக்கிறது. பிலேந்திரன் மாதாவின் பெயரைச் சொல்லி, நெடுமணல் மண்ணில் கால் வைக்கமாட்டேன் என்று ஊர் முன்னால் சத்தியம் பண்ணிக்கொடுத்தார். சொல்லி முடித்ததும் அந்தத் தொண்டை முதல்முறையாகக் கம்மியது. அதைக் கேட்டு ஜஸ்டஸ் பந்தைக்கூடப் பார்க்காமல் திரும்பிக்கொண்டான்.

சனிக்கிழமை ஊருக்குத் திருவிழா மாதிரி. ரோமுலுஸை ஒரு வீடும் விடவில்லை. இந்த சீசன் முழுக்க இடதுபக்கம் ஓடி, அடித்த பந்தையெல்லாம் கடலுக்கே கொடுத்த பையன் அவன். போன வாரம்வரைக்கும் அவனைக் கண்டால் வள்ளத்துக்காரர்கள், இன்றைக்கு எத்தனை பந்துடே வலையில் படும் என்று கேட்பார்கள். இப்போது கோல் போடப்போகிறவன் என்று தெரிந்துவிட்டதால், ஒரு வீட்டில் வஞ்சிரம் பொரித்துக் கொடுத்தார்கள், அடுத்த வீட்டில் அது தெரிந்து இறாலாகக் கொடுத்தார்கள், அதற்கும் அடுத்த வீட்டில் பெண்ணையே கொடுக்கலாமா என்று மெதுவாகப் பேச்செடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் அவன் வயிறு முன்னே வர, அவன் பின்னே வந்தான். வந்தவன் நேரே பிலேந்திரன் உட்கார்ந்திருந்த வள்ளத்தின் மறைவுக்கு வந்து, மூச்சுவிட்டுக்கொண்டு பக்கத்தில் சரிந்தான்.

"அண்ணே, நான் கோலு போடுவேன்னு ஊருல எல்லாருக்கும் தெரியுது. எனக்கு மட்டும் தெரியல்ல."

பிலேந்திரனுக்கு ஆறுதல் சொல்லத்தான் ஆசை. ஆனால் ஊரில் இரண்டே பேர்தான் துக்கத்தில் இருக்கிறார்கள், அதில் ஒருவன் தான் என்கிறபோது ஆறுதல் எங்கிருந்து வரும். நீ போடாவிட்டால் நான் சும்மா வீட்டில் உட்கார்ந்ததாக ஆகிவிடும் பாத்துக்க என்று மட்டும் சொன்னார். ரோமுலுஸ் அதைக் கேட்டு ஒரு ஏப்பம் விட்டான். துக்கத்தில் வந்த ஏப்பம்தான்.

அவன் போன கையோடு மொபெட் ஒன்று வந்து நின்றது. வந்தது மரியலாசர், நெடுமணலைச் சேர்ந்த மீன் வியாபாரி, தினமும் பிலேந்திரனின் ஏலத்தில் மீன் எடுக்கிறவர். கையில் ஒரு அல்வாப் பொட்டலம். விஷயம் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டது என்பது அவர் முகத்திலேயே இருந்தது. நெடுமணல் ஊரே பிலேந்திரனின் வரவுக்காகக் காத்திருப்பதாகவும், அவர் இல்லாமல் ஒரு ஆட்டம் ஆட்டமா என்றும், கம்பத்துப் பக்கத்திலேயே நிழலில் கைவைத்த நாற்காலி போட்டிருப்பதாகவும், வந்து மனசு நிறையக் கூவிவிட்டுப் போனால் போதும் என்றும் குழைந்தார். இத்தனை அன்பாக அந்த மூன்று நாளில் யாரும் அவரை எங்கும் கூப்பிடவில்லை. பிலேந்திரனுக்கு ஒரு கணம் கண் கலங்கியேவிட்டது. பிறகு அல்வாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"என்னைய வராண்டாம்ன்னு சொன்னது எனக்கும் எனக்க ஊருக்கும் உள்ள பேச்சு. உம்ம நாற்காலிய மடக்கி வையும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லாரிகள் வந்தன. தொட்டில் பிள்ளை முதல் ஊன்றுகோல் ஊன்றுகிறவர் வரைக்கும் எல்லாரும் ஏறினார்கள், ஏனென்றால் எல்லாருடைய குரலும் அந்தச் சத்தத்தில் இருந்தது, ஒரு ஆள் குறைந்தாலும் கணக்கு இடிக்கும். நல்ல சேலை உடுத்திக்கொண்டு எஸ்கலினும் புறப்பட்டாள். நீயுமா என்று பிலேந்திரன் பார்த்தார். எனக்க சத்தமும் அதுல உண்டு, நான் போவாண்டாமா என்று நியாயத்தைக் கேட்டுவிட்டு, சோற்றை மூடி வைத்திருப்பதைக் காட்டிவிட்டு, வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஊர் காலியானது. ஆடு இலையைக் கடிப்பது கேட்டது. தூரத்தில் யார் வீட்டிலோ மூடாத குழாய் சொட்டுவது கேட்டது. பிலேந்திரன் சோற்றைத் திறந்தார், மூடினார். வாசலுக்கு வந்தார், உள்ளே போனார். இந்நேரம் பாலத்தில் போவார்கள், இந்நேரம் இறங்கியிருப்பார்கள், இந்நேரம் நெடுமணல்காரன் நம்மைப் பார்த்துச் சிரித்திருப்பான் என்று ஒவ்வொன்றாக எண்ணி, அதற்குமேல் எண்ண ஒன்றுமில்லை என்றானபோது, தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, பிடரியில் முடிச்சுப் போட்டு, சைக்கிளை எடுத்தார். பாலம் வரைக்கும் போகலாம். பாலம் வரைக்கும் நம் மண்தான். பாலத்தில் நின்றால் மைதானத்தின் சத்தமாவது காதில் விழும்.

பாலத்தின் அந்தக் கோடியில், ஒரு காலைப் பெடலிலும் ஒரு காலைச் சுவரிலும் வைத்துக்கொண்டு அவர் காதைத் தீட்டி நிற்பதை மரியலாசர் கண்டுவிட்டார். வராத விருந்தாளி வந்துவிட்டார் என்று நெடுமணலே ஓடிவந்தது. வாரும் வாரும் என்றார்கள். பிலேந்திரன் தலையை ஆட்டி, மண்ணைக் காட்டி, காலைக் காட்டி, வானத்தைக் காட்டி, மாதாவின் பெயரில் கொடுத்த சத்தியத்தைக் கையாலேயே விளக்கினார். நெடுமணல்காரர்கள் பக்தியுள்ளவர்கள். சத்தியத்தை மீறச் சொல்வார்களா? அந்தக் கைவைத்த நாற்காலியைக் கொண்டுவந்து, அவரைப் பாலத்திலேயே அதில் உட்காரவைத்து, நாலு பேர் நாலு காலையும் தோளில் தாங்கி, திருவிழாச் சப்பரத்தில் சொரூபத்தைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போய், கோல்கம்பத்துக்குப் பக்கத்தில், நிழலில் இறக்கினார்கள். உட்காரும்போது பிலேந்திரன் இரண்டு காலையும் நாற்காலிமேல் மடக்கி வைத்துக்கொண்டார். அவர் கால் மண்ணில் படவில்லை, அதற்கு நெடுமணலே சாட்சி.

எதிர்ப்பக்கம் நின்ற கொம்பன்துறை இதைப் பார்த்தது. ஜஸ்டஸ் தலையில் கைவைத்தான். பாதிரியார் அங்கியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். எஸ்கலின் மட்டும், சாப்பிடாமல் வந்திருக்கிறார் என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்.

ஆட்டம் மோசமான ஆட்டம். வரப்போவது தெரிந்த டீம் எப்படி ஆடும்? பத்துப் பேரும் பந்து கிடைத்தவுடன் ரோமுலுஸிடமே தள்ளினார்கள். அவன் வஞ்சிரத்தையும் இறாலையும் சுமந்துகொண்டு இடதுபக்கம் ஓடினான், நடந்தான், பிறகு நின்றான். பந்து பலமுறை கடலுக்குப் போய் வந்தது. இந்தப் பக்கம் பிலேந்திரனைச் சுற்றி மரியலாசரும் கூட்டாளிகளும் வேறொரு ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். கூவும் வோய், ஒரு தடவை கூவும், அடக்கி வைத்தால் வயிற்றுக்கு ஆகாது என்று கெஞ்சுவதும், பின்னால் போய்த் துண்டின் முடிச்சை நைசாக நெகிழ்த்துவதும், அவர் இறுக்குவதும், இவர்கள் நெகிழ்த்துவதுமாக நேரம் போனது. வெயில் சாய்ந்தது. ஒரு கோலும் இல்லை. ரெஃபரி கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் யாரோ உதைத்த பந்து உயரக் கிளம்பி, காற்றில் தயங்கி, கம்பத்துக்கு முன்னால் மூச்சு வாங்கக் குனிந்து நின்ற ரோமுலுஸின் முதுகில் விழுந்தது. முதுகிலிருந்து பிடரிக்கு உருண்டது. அவன் என்னவோ பூச்சி என்று சிலிர்த்துக்கொண்டு நிமிர்ந்தான். நிமிர்ந்த வேகத்தில் பந்து எகிறி, நெடுமணல் கோல்கீப்பரின் தலைக்குமேல் போய், வலது கம்பத்தை உரசி, உள்ளே, சந்தேகமில்லாமல் உள்ளே, பிலேந்திரனின் மடக்கிய காலுக்கு ஒரு கை தூரத்தில் கோட்டைத் தாண்டி, மணற்சரிவில் இறங்கிக் கடலுக்குப் போய்விட்டது.

கொம்பன்துறை முழுவதும் வாயைத் திறந்தது.

ஒன்றும் வரவில்லை.

ஐஸ் உடைக்கிறவர் வாயைத் திறந்தார், கருவாட்டுப் பெண்கள் நாக்கைச் சுழற்றினார்கள், பாதிரியார் கழுத்து நரம்பு புடைக்க அண்ணாந்தார், ஜஸ்டஸ் கண்ணீர் வழிய "நெடுமணல்லயாடே" என்று வாயைக் குவித்தான்; எல்லாம் இருந்தது, கை உயர்ந்தது, கால் குதித்தது, சத்தம் மட்டும் இல்லை. எப்படி இருக்கும்? அதுதான் வியாழக்கிழமையே செலவாகிவிட்டதே. ஏலக்கரையில் கொட்டிய மீன்போல ஊர் முழுக்க வாயைத் திறந்து திறந்து மூடியது, காற்று அதன் குறுக்கே சும்மா வீசிக்கொண்டு போனது.

ரெஃபரி காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். அந்தப் பக்கம் கேட்டார், இந்தப் பக்கம் கேட்டார். நெடுமணல் கோல்கீப்பருக்கு உயிர் திரும்பி வந்தது. ஓரத்துல போச்சு சார் என்று பணிவாகச் சொன்னான். மரியலாசருக்கும் அந்த நொடியில்தான் விளங்கியது. அதுவரைக்கும் கூவும் கூவும் என்று கெஞ்சிய மனிதர், "கூவாதேயும் வோய்" என்று பாய்ந்து துண்டின் இரண்டு நுனியையும் பிடித்து இறுக்கப் பார்த்தார். ஆனால் சாயங்காலம் முழுக்க அவரே நெகிழ்த்தி வைத்த முடிச்சு, இழுத்த இழுப்பில் அவர் கையோடேயே வந்துவிட்டது.

பிலேந்திரன் நாற்காலிமேல் எழுந்து நின்றார். வாய் திறந்தே இருந்தது, ஆனால் நெஞ்சு விடவில்லை. கூவினால் வேற சத்தம், வேற சத்தம்ன்னா வேற கோலு என்று ஜஸ்டஸ் சொன்னது காதில் நின்றது. இத்தனை வருஷம் காத்திருந்த கோலைத் தன் வாயாலேயே கலைத்துவிடுவோமோ என்று தொண்டைக்குள் சத்தம் முட்டி முட்டி நின்றது. ரெஃபரியின் கை கோல்கிக் என்று காட்டுவதற்காக மெதுவாக நீளத் தொடங்கியது. அந்தக் கையைத் தாண்டி, மைதானத்தைத் தாண்டி, நல்ல சேலை உடுத்திய எஸ்கலின் தெரிந்தாள். அவள் கூவவே முயலவில்லை. ஒரு கையை இடுப்பில் வைத்து, மறுகையால், சோற்றுக்கு உட்காரும்படி கூப்பிடுகிற அதே சைகையை, இன்னும் என்ன யோசனை, ஆறிப்போகுது என்கிற சைகையைக் காட்டினாள்.

அவர் கூவினார்.

அது தாழ ஆரம்பித்தது. மண்ணில் படாத காலிலிருந்து கிளம்பி, நாற்காலியை நடுக்கி, மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த வேதனையையும், ஆசாரி எடுத்த அளவையும், தின்னாத அல்வாவையும், மூடி வைத்த சோற்றையும் எல்லாம் அள்ளிக்கொண்டு மேலே ஏறியது. ஏறி, ரெஃபரியின் நீட்டிய கையை மைதானத்தின் நடுப்பக்கம் திருப்பியது. கடலுக்குப் போன பந்தைத் தேடி நீந்தியவனை நிமிர்ந்து பார்க்கவைத்தது. எதிரே திறந்தபடி நின்ற வாய்களிலெல்லாம் போய் நிறைந்தது. நெடுமணல்காரர்கள் இன்றைக்கும் சத்தியம் செய்வார்கள், அது ஒரு ஆள் சத்தம் இல்லை, ஊரே கூவியது, வாயெல்லாம் திறந்திருந்ததைக் கண்ணால் பார்த்தோம் என்று. நெடுமணல் பந்தை நடுவில் வைத்து உதைத்தது; கொம்பன்துறை அதைப் பிடுங்கி வெளியே அடித்தது; ரெஃபரி கடைசி விசிலை ஊதினார். அதற்குப் பிறகுதான் பிலேந்திரன் 'ல்' என்று முடித்தார்.

பேச்சுக்கு ஒன்றும் குறைவில்லை, கோலுக்கான கூப்பாடு மட்டும்தான் தீர்ந்திருந்தது என்பதால், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு மைதானத்தைக் கடந்து ஓடிவந்தார்கள். ரோமுலுஸ் முதுகைத் தடவிக்கொண்டு, இனி யாரும் பொரித்த மீன் தரவேண்டாம் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஜஸ்டஸ் அத்தானின் மடக்கிய காலைக் கட்டிக்கொண்டு, நான்தான் வராண்டாம்ன்னு சொன்னேன், நான்தான் சொன்னேன் என்று அதையே சொன்னான். பிலேந்திரன் அவன் தலையில் கைவைத்தார், ஆனால் கீழே இறங்கவில்லை. சத்தியம் சத்தியம்தானே. தூக்கிவந்த நெடுமணல்காரர்கள் திருப்பிக்கொண்டுபோய் விட மறுத்துவிட்டார்கள், அதில் நியாயமும் இருந்தது. ஆக பிரதர்ஸ் டீமின் மச்சினன்மார் நாலு பேர் குனிந்து நாற்காலியைத் தோளில் ஏற்றினார்கள். முன்னே பாதிரியார், பின்னே பெண்கள், பக்கவாட்டில் நாற்காலியின் கையைப் பிடித்தபடி எஸ்கலின் என்று ஊர்வலம் பாலத்தைப் பார்த்துக் கிளம்பியது.

மரியலாசர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார். தோற்றதுகூடப் போகட்டும், அது அவருடைய வீட்டு நாற்காலி.

"நாற்காலிய வச்சிட்டுப் போங்க வோய்."

எஸ்கலின் நடையை நிறுத்தவில்லை.

"வச்சா அவரு மண்ணுல கால வைக்கணும்லா அண்ணே," என்றாள். "பாலம் தாண்டட்டும், தாறோம்."